பலூன் துவக்கும் என் தம்பியின் கேஸும்

பாரிசுக்கு வரும்வரை என் தம்பி துவக்கைக் கையால் தொட்டவனில்லை. முதன்முதலாகத் தொட்டது தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ஒரு பலசரக்குக் கடையின் நிலவறையில், அரிசி மூட்டைகளுக்கும் கருவாட்டுப் பெட்டிகளுக்கும் நடுவில் நின்றுதான். அதுவும் காற்றுத் துவக்கு. திருவிழாக்களில் பலூன் சுடுகிற சாமான். இதை நான் சொல்லாத ஆளில்லை. எல்லாரும் "ஓம், ஓம்" என்று தலையை ஆட்டிவிட்டுக் கண்ணால் சிரித்துக்கொண்டு போவார்கள். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கை துருதுருக்கும்.

அவன் வன்னியில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். சொந்தமாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தான். சண்டைக் காலத்தில் அங்கே உதிரிப்பாகம் எதுவும் வராது. ஒரு கம்பனியின் பம்புக்குள் இன்னொரு கம்பனியின் சாமானைப் பூட்டி ஓடவைக்கத் தெரிந்தவனுக்குத்தான் மரியாதை. துளை பெரிதென்றால் பித்தளையில் ஒரு வளையம் கடைந்து உள்ளே போடுவான். துளை இடம் மாறியிருந்தால் பழையதை அடைத்துவிட்டுப் புதிதாகத் துளைப்பான். மனைவி பாம்பு கடித்து இறந்தபோது அவர்களுடைய பிள்ளைக்கு ஒரு வயது. இன்னொரு கலியாணம் பேசினோம், மாட்டேன் என்றுவிட்டான். பிள்ளையை லேத்துக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் இருத்தியே வளர்த்தான். நான் இங்கிருந்து போனில் ஏசுவேன்: "இரும்புத்தூள் பிள்ளையின்ரை கண்ணுக்கை போகப்போகுது, விசரா!" அதற்கும் சிரிப்பான். பின்னால் அந்தப் பிள்ளையும் போனை வாங்கி, "மாமி, அப்பாக்கு ஏசாதேங்கோ" என்று எனக்கே சட்டம் பேசியது.

2009இல், சண்டையின் கடைசி மாதங்களில், அந்தப் பிள்ளை செத்துப்போனது. ஆறு வயது. கடற்கரை மணலில் தோண்டிய பங்கர். ஷெல் வரும் சத்தம் கேட்டதும் தம்பி பிள்ளையைக் கீழே கிடத்தி, தான் மேலே கவிழ்ந்து படுத்தான். சிதறல் மேலேயிருந்து வரவில்லை, பக்கவாட்டில் வந்தது. அவனுக்கு ஒரு கீறலும் இல்லை. தனக்குக் கீழே பிள்ளை அசையாமல் கிடந்ததை, பயத்தில் கிடக்கிறாள் என்று நினைத்து, "முடிஞ்சுது அம்மா, எழும்பு" என்று சொல்லிக்கொண்டே கிடந்தானாம். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, குசினியில் போய்ப் பாத்திரம் கழுவினான்.

சண்டை முடிந்ததும் இராணுவம் அடைத்துவைத்த முகாமிலிருந்து வெளியே வந்து, அலைந்து திரிந்து, 2010 கடைசியில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். முகாமில் இருக்கும்போதே இரண்டு தடவை விசாரணைக்கென்று கொண்டுபோயிருக்கிறார்கள். முதுகில் அதன் அடையாளம் இருந்தது. அகதி அலுவலகத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னான். பம்பு, பங்கர், பிள்ளை, முகாம், முதுகு. நிராகரித்துவிட்டார்கள். சொன்னதெல்லாம் பொதுப்படையாக இருக்கிறதாம். தனிப்பட்ட ஆபத்து நிரூபிக்கப்படவில்லையாம். பிள்ளையைப் பற்றி உணர்ச்சியில்லாமல் சொன்னானாம். ஹோட்டல் அறைகள் துடைத்துத் துடைத்து நான் படித்த பிரெஞ்சுக்கு அந்தக் கடைசி வரி நன்றாகவே விளங்கியது. அட கோதாரி! உணர்ச்சி வேண்டுமென்றால் நெஞ்சில் அடித்துக் கத்தியிருக்க வேண்டுமா? கத்தினால் நடிக்கிறான் என்று எழுதியிருப்பார்கள். மேல்முறையீடு ஒன்றுதான் மிச்சம். அதிலும் இல்லையென்றால் திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்பினால் விமானநிலையத்திலேயே பிடிப்பார்கள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் துவக்குக் கதை தொடங்கியது.

எங்கள் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு அண்ணை, கோடைகாலத்தில் தமிழர்களின் விளையாட்டுப் போட்டிகளுக்குக் கடை போடப் போவார். ஒரு பக்கம் கொத்துரொட்டி, ஒரு பக்கம் பலூன் சுடுதல். கண்காட்சிக் கடை நடத்திய ஒரு கிழட்டு வெள்ளைக்காரனிடமிருந்து மூன்று காற்றுத் துவக்குகளை வாங்கிவந்திருந்தார். மூன்றும் பழுது. அந்த வகையைச் செய்கிற கம்பனி எப்போதோ மூடிவிட்டது. அண்ணையும் விடாமல், இப்போது கடைகளில் கிடைக்கிற வழக்கமான சுருள்வில்லு, பிஸ்டன், விசை எல்லாவற்றையும் வாங்கிவந்து பொருத்திப் பார்த்திருக்கிறார். ஒன்றும் உள்ளே போகவில்லை. தம்பி அவருடைய கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். அவனிடம் காட்டினார். அவன் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சாமான் சரி அண்ணை. உடம்பைத்தான் திருத்தவேணும்" என்றானாம்.

குழலும் விசையும் மரக்கட்டையும் வந்து பூட்டுப்படுகிற நடு இரும்புக் கூட்டைத்தான் அவன் உடம்பு என்றான். கடை பூட்டியிருக்கும் நாட்களில் நிலவறையில் இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் பூட்டி வேலை செய்தான். அகலமான குழாய்க்குள் பித்தளை வளையம் இறக்கினான். விசை மாட்டுகிற பழைய துளைகளை ஆணி அடித்து மூடிவிட்டு, புது விசைக்கு ஏற்ற இடத்தில் துளைத்தான். எங்கே முட்டுகிறது என்று பார்க்க, என் சாமித்தட்டிலிருந்து குங்குமத்தைக் களவெடுத்து, தேங்காயெண்ணெயில் குழைத்து, சாமானில் பூசி உள்ளே விட்டு எடுப்பான். சிவப்பு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் முட்டுகிறது, அங்கே அரத்தால் ஒரு இழுப்பு. பிறகு மறுபடி குங்குமம், மறுபடி இழுப்பு. "சாமிக்கு வைக்கிற குங்குமமடா, நாசமாப் போவானே!" என்று நான் கத்த, "சாமிக்குத் திருப்பிக் குடுக்கலாம் அக்கா, கொஞ்சம் எண்ணெய் பட்டிருக்கும்" என்றான். அவன் பகிடி விட்டது பாரிசுக்கு வந்து அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோசமாக இருந்தது. அழுகையும் வந்தது.

துவக்குகள் மூன்றும் வேலை செய்தன. அந்தக் கோடையில் பாரிசுக்கு வெளியே பொபினிப் பக்கம் ஒரு மைதானத்தில் போட்டி. கடைக்கார அண்ணை கையில் மைக் கிடைத்தால் கீழே வைக்காத மனிதர். அன்றைக்குத் தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக் கடைக்கு முன்னால் நிறுத்தினார். "அன்பான உறவுகளே! இந்தத் துவக்குகளைத் திருத்தினது ஆர் தெரியுமோ? வன்னியிலை, எங்கட இயக்கப் பொடியளின்ரை ஆயுதப் பட்டறையிலை வேலை செய்த கை! வாங்கோ, வந்து சுடுங்கோ!"

கைதட்டல். தம்பி, "இல்லை அண்ணை, நான் பம்பு..." என்றான். அண்ணை மைக்கைப் பொத்திக்கொண்டு, "ஓமடாப்பா, சொல்லேலாதுதானே, எனக்கு விளங்கும்" என்று தோளில் தட்டினார். அவனுடைய மறுப்பு அவர்களுக்கு இன்னும் பெரிய அத்தாட்சியாகப் போய்விட்டது. வயதானவர்கள் வந்து கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார்கள். கொத்துரொட்டியை வாயில் வைத்தபடி ஒருத்தன் கேட்டான்: "பட்டறையிலை நிண்டனீர் எண்டால், நீர் மட்டும் எப்பிடி உயிரோடை வந்தனீர்? ஆரைக் காட்டிக் குடுத்தனீர்?" கும்பிட்டவர்களும் கேட்டவனும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். நான் அவனைப் பார்த்து, "உன்ரை கொப்பரைத்தான் காட்டிக் குடுத்தவன், போடா" என்றேன். தம்பி என்னை இழுத்துக்கொண்டு ரயிலடிக்கு நடந்தான்.

பிறகு ஒரு படம் வந்தது. நிலவறையில், துவக்கின் வெறும் உடம்பை வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்க்கிறான் தம்பி. அண்ணை அவனுக்குத் தெரியாமல் எடுத்தது. கீழே வீரம், மானம், கை என்று கண்டறியாத வசனம் வேறு. லா சப்பலில் எல்லாருடைய கைபேசியிலும் அது இருந்தது. அண்ணை கெடுதல் நினைத்துச் செய்யவில்லை என்கிறார்கள். அவர் தன் கடைக்கு ஆள் சேர்த்தார், அவ்வளவுதான்.

மேல்முறையீட்டுக்குக் கேஸ் எழுத ஒருவரிடம் போனோம். அகதிகளுக்குக் கதை எழுதிக் கொடுப்பதே அவருக்குத் தொழில், கேஸ்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு தொலைபேசிக் கடையின் பின்னறையில் இருப்பார். பழைய கேஸை வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, பம்பு திருத்தினவனுக்கு இவங்கள் ஏன் விசா குடுக்கவேணும்? இஞ்சை தோட்டத்துக்குத் தண்ணி இறைக்க ஆளில்லையே?"

"பிள்ளை செத்தது, அண்ணை. ஆமி அடிச்சது."

"எல்லாருக்கும்தான் பிள்ளை செத்தது. கேட்டுக் கேட்டு அவங்களுக்கு அலுத்துப்போச்சு."

"அவன் உள்ளதைத்தானே சொன்னவன்."

"உள்ளதைச் சொன்னதுதான் பிழை" என்றவர், தன் கைபேசியைத் தட்டி அந்தப் படத்தை எங்கள் முன்னால் வைத்தார். "இதுதான் சரக்கு. ஆயுதப் பட்டறை. இதைக் கொண்டுபோய்க் குடுத்தால், திருப்பி அனுப்பினா சாவு எண்டு குருடனுக்கும் விளங்கும். முதல் பயத்திலை சொல்லேல்லை, இப்ப சொல்லுறன் எண்டு எழுதுவம்."

"நான் துவக்குத் தொட்டதில்லை அண்ணை" என்றான் தம்பி.

"படத்திலை தொட்டுக்கொண்டுதானே நிக்கிறீர்?"

எழுதினார். கேஸை எடுத்த வழக்கறிஞர், ஒரு பிரெஞ்சுப் பெண், நல்ல மனுசி. அதை வாசித்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார். இது உதவவும் செய்யும், கெடுக்கவும் செய்யும், உங்கள் தம்பி உறுதியாகத்தான் சொல்கிறாரா என்று கேட்டார். நான் அதைக் கேஸ்காரரிடம் சொன்னேன். "அவவுக்கு எங்கட கேஸைப் பற்றி என்ன தெரியும்? நான் எத்தினை பேருக்கு விசா எடுத்துக் குடுத்தனான்" என்றார். அவரிடம் போய் விசா எடுத்தவர்களை எனக்கும் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

வழக்குக்கு முந்தின வாரம் தம்பியைப் பழக்குவதற்கு அவர் என் வீட்டுக்கு வந்தார். குசினி மேசையில் இருந்து, நீதிபதி மாதிரிக் குரலை மாற்றிக் கேள்வி கேட்டார். பட்டறை எங்கே இருந்தது, எத்தனை பேர், என்ன வேலை. தம்பி தடுமாறித் தடுமாறிச் சொன்னான். பிறகு கேட்டார்: "பிள்ளை செத்த நேரம் நீர் எங்கை?"

"பிள்ளைக்கு மேலை படுத்திருந்தனான்."

"பிழை! நீர் பட்டறையிலை. துவக்குத் திருத்துறவனை, சண்டை நடக்கிற நேரம் பிள்ளையோடை பங்கருக்கை கிடக்க இயக்கம் விடுமே? இது ஒரு சின்ன ஓட்டை, இதுக்குள்ளாலைதான் கேஸ் விழும். திருப்பிச் சொல்லும். பிள்ளை செத்த நேரம் நீர் எங்கை?"

தம்பி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். "மேலை படுத்திருந்தனான்" என்றான் மறுபடியும். கேஸ்காரர் உள்ளங்கையால் மேசையில் அடித்தார். "எழும்பு அண்ணை. என்ரை வீட்டை விட்டு வெளியாலை போ" என்றேன். தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துத் தொட்டிக்குள் எறிந்தேன், அது உடைந்தது. அப்போது தம்பி, "விடுங்கோ அக்கா, நான் சொல்லுறன்" என்றான். "உண்மையைச் சொன்னன், நம்பேல்லை. இன்னொருக்கா அந்த அறைக்குள்ளை என்னைக் கொண்டுபோனாங்களெண்டால் நான் திரும்பி வரமாட்டன்." எந்த அறை என்று நான் கேட்கவில்லை. அவன் முதுகு எனக்கு நினைவில் இருந்தது. கேஸ்காரர் மறுபடியும் கேட்டார். "பட்டறையிலை" என்றான்.

வழக்கு நாளில் நானும் உள்ளே இருந்தேன். யாரும் இருந்து பார்க்கலாம். மூன்று பேர் ஒரு நீண்ட மேசைக்குப் பின்னால். நடுவில் இருந்த அம்மா, கண்ணாடிக்கு மேலால் ஒருமுறை தம்பியைப் பார்த்துவிட்டுத் தாள்களைப் புரட்டினார். மொழிபெயர்க்க ஒரு பாண்டிச்சேரிப் பெண். பக்கத்தில் இருந்த நீதிபதி கொட்டாவி விட்டார். மறைக்கக்கூட இல்லை.

"பட்டறையில நீங்க சரியா என்ன வேலை செய்தீங்கன்னு கேக்குறாங்க, மிஸியே. விளக்கமா சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண்.

தம்பி தொடங்கினான். பழைய துவக்கின் உடம்புக்குப் புதுச் சாமான் சேராது என்றான். குழாய்க்குப் பித்தளை வளையம், துளைக்கு ஆணி, எண்ணெயில் குழைத்த சிவப்புப் பொடி, அரத்தால் ஓர் இழுப்பு. கைகளைத் தூக்கிக் காற்றில் செய்தே காட்டினான். நிலவறையில் செய்ததை வன்னியில் செய்ததாகச் சொன்னான், இடம் ஒன்றுதான் பொய். கொட்டாவி விட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நடுவில் இருந்த அம்மா எழுதத் தொடங்கினார். மூன்று பேரும் எழுதினார்கள். பிள்ளை செத்த கதையைச் சொன்னபோது ஒருவரும் பேனையை எடுக்கவில்லை என்று அவன் அகதி அலுவலகத்து முதல் விசாரணையைப் பற்றிச் சொல்லியிருந்தான். பலூன் துவக்குக்கு மூன்று பேனைகளும் ஓடின. எனக்கு அந்தப் பேனைகளைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது, ஆனால் உள்ளுக்குள், கடவுளே, விசா வரப்போகிறது என்றும் நினைத்தேன்.

பிறகு நடுவில் இருந்த அம்மா ஏதோ மெதுவாகக் கேட்டார். பாண்டிச்சேரிப் பெண்ணும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க பொண்ணு இறந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். "சொல்லுங்க" என்றாள் அவள்.

"பட்டறையிலை."

"பொண்ணு யார்கூட இருந்தா?"

இதற்குக் கேஸ்காரர் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. "ஒருத்தரும் இல்லை" என்றான் தம்பி. "தனிய."

அவள் அதைப் பிரெஞ்சில் சொன்னாள். மூன்று பேரும் அதையும் எழுதினார்கள்.

சில வாரம் கழித்து வழக்கறிஞர் எங்களைக் கூப்பிட்டார். தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, மன்றம் உங்கள் தம்பி சொன்னதை முழுமையாக நம்புகிறது என்றார். நான் "ஐயோ முருகா!" என்று கத்தி, தம்பியின் தலையைப் பிடித்துக் கொஞ்சிவிட்டேன். அந்தப் பெண் என் கையைத் தொட்டு, பொறுங்கள் மதாம் என்றார். நம்புகிறார்கள். வேலையை அவ்வளவு நுணுக்கமாகச் சொன்னதால் நம்புகிறார்கள். நம்புவதால்தான் கொடுக்க மாட்டார்கள். தெரிந்தே ஆயுதம் திருத்திப் போர்க்குற்றங்களுக்குத் துணை நின்றவர் அகதிப் பாதுகாப்புக்கு உரியவரல்ல. பம்பு திருத்தினவனை நம்பாமல் நிராகரித்தார்கள். துவக்குத் திருத்தினவனை நம்பி நிராகரித்தார்கள்.

லா சப்பலில் செய்தி பரவியது. கடைக்கார அண்ணை, "எங்கட வீரனுக்கு அநியாயம் செய்துபோட்டாங்கள்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். கேஸ்காரர், "பரவாயில்லை தங்கச்சி, புதுசா ஒண்டு எழுதிப் போடுவம்" என்றார். அந்த வருடமும் பலூன் துவக்குகள் மைதானத்துக்குப் போயின. நன்றாகச் சுட்டனவாம்.

தம்பி வேலையை விட்டுவிட்டான். வெளியே போவதும் குறைந்தது, பொலிஸ் மறித்தால் காட்டக் கையில் ஒன்றுமில்லை. ஒருநாள் தீர்ப்பை எடுத்துவந்து என் முன்னால் வைத்து, "இதிலை பிள்ளையைப் பற்றி என்ன எழுதியிருக்கு அக்கா?" என்று கேட்டான். தேடி வாசித்தேன். ஷெல் வீச்சில் மகள் இறந்த வேளையில் தகப்பன் உடனிருக்கவில்லை. ஒரே ஒரு வரி. அவன் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"அக்கா, விசாவைப் பற்றி ஒண்டும் கேக்கவேண்டாம். இந்த வரியை மட்டும் மாத்தச் சொல்லிக் கேளுங்கோ. நான் பிள்ளையோடைதான் நிண்டனான் எண்டு."

வழக்கறிஞருக்குப் போன் எடுத்தேன். என் பிரெஞ்சுதான் பிழை என்று நினைத்து அவர் திருப்பித் திருப்பிக் கேட்டார். விளங்கியதும், அது உங்கள் தம்பியே மன்றத்தில் சொன்ன வாக்குமூலம், அதை மாற்ற முடியாது மதாம் என்றார். தம்பி பக்கத்திலேயே நின்றான். "என்னவாம்?" என்றான். "கேட்டுச் சொல்லுறாவாம்" என்றேன்.

அதிலிருந்து கேட்கத் தொடங்கினான். நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் கேட்பான். சோறு போடும்போது கேட்பான். அவ எடுத்தாவோ, மாத்தலாமாமோ? ஒருநாள் களைப்பிலும் கோபத்திலும் எனக்கு வாய் நிற்கவில்லை. "நீ சொன்னதைத்தானேயடா எழுதியிருக்கிறாங்கள்!" என்று கத்திவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. "ஓம் அக்கா" என்றான். "நான்தான் சொன்னனான், பிள்ளை தனிய எண்டு."

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.